ஐந்து மணி நேரத்தை நான் வெட்டவில்லை

ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, காபி ஆறுவதற்குள் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னார். "சார், எம்.பி.த்ரீ ஃபைல் நீளம் தப்பாக் காட்டுதுன்னா இப்ப அதெல்லாம் ஒரு வேலையே இல்ல. ரெண்டு கிளிக்."

நான் தலையாட்டினேன். என் காலத்தில் அது நாலு கிளிக். அந்த நாலு கிளிக்கைச் செய்ததற்காக ஒரு குடும்பம் என் கடைக்குப் படையெடுத்து வந்து, செத்துப்போன மனிதர் ஒருவரின் ஐந்தேகால் மணி நேரத்தை நான் களவாடிவிட்டதாகச் சொன்னது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். எந்த மென்பொருள், எந்தப் பொத்தான் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடலாம்.

இந்த வேலைக்கு நேற்றுதான் வந்தவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிளேயர் ஒரு ஃபைலை முழுக்கக் கேட்டுவிட்டு அதன் நீளத்தைச் சொல்வதில்லை. ஆரம்பத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, மீதியும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும் என்று அதுவாக ஒரு கணக்குப் போடுகிறது. முதல் பந்தியில் நாலு பேர் நிதானமாக மென்று தின்பதைப் பார்த்து, இந்தக் கல்யாணத்தில் பந்தி முடிய நாளை மறுநாள் ஆகும் என்று சொல்வதைப் போன்ற கணக்கு. ஃபைலின் நெற்றியில் சரியான நேரத்தை எழுதி ஒட்டிவிட்டால் பழுது தீர்ந்தது.

ஆனால் திரையில் ஓர் எண் தெரிந்துவிட்டால் நம் ஜனங்கள் வேறு எதையும் நம்ப மாட்டார்கள். திருமங்கலத்தில் மைக்செட் வைத்திருந்த ஒருவர், மூன்று மணி நேரம் ஓடும் என்று காட்டிய நாதஸ்வர ஃபைலை ஒரு காதுகுத்து வீட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார். இருபத்திரண்டு நிமிடத்தில் அது நின்றுவிட்டது. குழந்தையின் காதில் ஊசி இறங்கிய நேரம். மைக் ஆனில் இருந்ததால் குழந்தை வீறிட்டது மூன்று தெருவுக்குக் கேட்டது. "மெஷினே மூணு மணி நேரம்னு போட்டிருக்குண்ணே, நான் என்ன பண்ண?" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் என் ஒலிப்பதிவுக் கடை இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் கோவர்த்தன் என்று ஒருவர் படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும், நூல் வியாபாரம். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் நீளத்தில் ஒரு ரிக்கார்டரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அண்ணே, எங்க அப்பா போறதுக்கு ரெண்டு மாசம் முந்தி இதுல பேசி வச்சாரு. வர்ற வெள்ளிக்கிழமை தலைத் திவசம். எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணுன்னு சி.டி. போடணும். கோச்சடையில எங்க தெருவுல ஒரு பிரவுசிங் சென்டர்ல கொடுத்தேன். அஞ்சே முக்கா மணி நேரத்துக்கு மேல இருக்கு, ஒரு செட்டுக்கு அஞ்சு சி.டி. ஆகும்கிறான். அப்பா அம்புட்டெல்லாம் பேசலண்ணே."

போட்டுப் பார்த்தேன். ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று காட்டியது. முப்பத்தெட்டு நிமிடத்தில் பேச்சு முடிந்து நின்றது.

"உங்களுக்கு எங்க பாஷை தெரியாதுல்ல?" என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை தெரியாது."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். வீட்டு விஷயம் பாருங்க."

ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரில் செருகி, அதில் இருந்த ஃபைலின் மேலேயே எல்லாவற்றையும் சரி செய்து சேமித்தேன். மூலத்தின் மேலேயே கை வைத்தேன் என்பதைக் கவனியுங்கள். உங்களில் யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்தால் நான் இப்போதும் கத்துவேன், அன்றைக்கு என்னைப் பார்த்துக் கத்த ஆள் இல்லை. மூன்று சி.டி. போட்டு, உறையில் '38 நிமிடம் 14 விநாடி' என்று அழகாக அச்சடித்தும் கொடுத்தேன். அந்த அச்சுதான் என்னை மாட்டிவிட்டது.

மறுநாள் மத்தியானம் தம்பி வந்தார். பெயர் சுரேந்திரன். திருமங்கலத்தில் தனிக் குடித்தனம், ஒரு மில்லில் சூப்பர்வைசர். அப்பாவோடு எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, பிணத்தைத்தான் பார்த்தவர். அண்ணன் கொடுத்தனுப்பியிருந்த சி.டி.யை என் மேஜையில் போட்டார்.

"அண்ணே, அப்பா காரியத்தன்னைக்கு அண்ணன் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டர்ல செருகி இதைத் திறந்து காட்டினாப்ல. வீடு நிறைய ஆளு, கேக்க முடியல. ஆனா நேரத்தை என் கண்ணால பார்த்தேன். அஞ்சு மணி அம்பத்திரண்டு நிமிஷம். இதுல முப்பத்தெட்டுதான் இருக்கு. முதல் மூணு நிமிஷம் எனக்கு. மிச்சம் முப்பத்தஞ்சும் அண்ணனுக்கு. அப்ப அஞ்சேகால் மணி நேரம் எங்க?"

நான் பந்திக் கணக்கை எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க அப்பா எந்தப் பந்தியைப் பத்தியும் பேசியிருக்க மாட்டாரு," என்றார்.

"தம்பி, நான் ஒரு விநாடிகூட வெட்டலப்பா. மீனாட்சி மேல சத்தியம்."

"நீங்களா வெட்டியிருக்க மாட்டீங்க. அண்ணன் சொல்லி வெட்டியிருப்பீங்க. எட்டு வருசம் பேசாத மனுசன், சாகப்போறோம்னு தெரிஞ்சு பேசினா மூணே மூணு நிமிஷமாண்ணே பேசுவாரு? மிச்சம் வரலேன்னா வெள்ளிக்கிழமை நான் திருமங்கலத்துலயே தனியாத் திவசம் கொடுத்துக்கிறேன். ஒரு அப்பாவுக்கு ரெண்டு எடத்துல எலை போடட்டும்."

அது வெறும் மிரட்டல் இல்லை. பிள்ளைகள் சேர்ந்து கொடுக்க வேண்டிய தலைத் திவசத்தைத் தனித்தனியாகக் கொடுத்துவிட்டால், அந்தக் குடும்பம் இரண்டாகிவிட்டது என்று ஊருக்கே சொன்னது போலத்தான். அப்புறம் யாரும் சேர்த்துவைக்க முடியாது. சாயங்காலம் கோவர்த்தன் வந்து என் முன்னால் உட்கார்ந்து அழாத குறை. "என்னத்த வெட்டச் சொல்ல முடியும்ணே? அப்பா எனக்குச் சொன்னது பூரா வேலை லிஸ்ட்டு. மோட்டாருக்கு வால்வு மாத்து, ரேசன் கார்டுல அத்தை பேரச் சேரு, மாடித் தொட்டியக் கழுவு. முப்பத்தஞ்சு நிமிசமும் இதுதான். அவன்கிட்ட மூணு நிமிசமானாலும் பேசியிருக்காரு."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. எல்லோரையும் நாளைக் காலையில் ரிக்கார்டரோடு கடைக்கு வரச் சொன்னேன். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சவால்தான் விட்டேன். இல்லாத ஒன்று இல்லை என்று நிரூபிப்பது எப்படி என்று யோசிக்காமல் சவால் விடக் கூடாது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். அண்ணன் ஒரு வண்டியில், தம்பி ஒரு வண்டியில், அத்தை ஆட்டோவில். அத்தை என்றால் செத்துப்போனவரின் தங்கை, அறுபத்தைந்து வயது. படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள், "எங்க அண்ணன் ஆயுசுல மொத்தமாச் சேர்த்தாலும் அஞ்சு மணி நேரம் பேசியிருக்க மாட்டாரு தம்பி," என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த மூச்சில், "ஆனா முப்பத்தெட்டு நிமிசத்துல என்னையப் பத்தி ரேசன் கார்டு தவிர ஒரு வார்த்தை இல்ல. மிச்சத்துலதான் இருக்கணும். எடுத்துக் குடுத்துருங்க," என்றார்.

அதோடு அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. பாஷை தெரியாத ஆள் ஒரு வார்த்தைகூட அரைகுறையாக நிற்காமல் இவ்வளவு சுத்தமாக எப்படி வெட்ட முடியும்? ஆகவே எனக்குப் பாஷை தெரியும், தெரியாதது போல நடிக்கிறேன். இதைச் சோதிக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர்கள் பாஷையில் நிறுத்தி நிதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கோவர்த்தன் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். சுரேந்திரன் அத்தனை கோபத்திலும் வாயைப் பொத்திக்கொண்டார். என்னையும் என் முன்னோர்களையும் வைது தீர்க்கிறார் என்று புரிந்தது. கோபப்பட்டால் பாஷை தெரியும் என்றாகிவிடும். சிரித்தாலும் அப்படியே. பேசாமல் டீ வேண்டுமா என்று கேட்டேன். "தெரியாது போலத்தான் இருக்கு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டார்.

என் திட்டம் எளிமையானது. அதே ரிக்கார்டரில் அவர்களையே பேச வைத்துப் பதிவு செய்வது. ஆறு நிமிடம் பேசினால் அது ஒரு மணி நேரம் என்று காட்டும். நீங்கள் பேசாத மிச்சத்தை நான் எங்கே வெட்டினேன் என்று கேட்பேன். கதை முடிந்தது.

"ஏதாவது பேசுங்க," என்று ரிக்கார்டரை நடுவில் வைத்தேன். ஒரு வருடமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் அந்தக் கணமே அவர்கள் பாஷையில் ஆரம்பித்தார்கள். அத்தையும் சேர்ந்துகொண்டார். மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தது. கீழே ஜவுளிக் கடைக்காரர் படியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் ஆனதும் நிறுத்தி, ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரில் செருகி, திரையை அவர்கள் பக்கம் பெருமையாகத் திருப்பினேன்.

ஆறு நிமிடம் இரண்டு விநாடி என்று காட்டியது.

"கரெக்டாத்தானே காட்டுது?" என்றார் சுரேந்திரன். "பார்த்தியா!" என்றார் அத்தை. கோவர்த்தன் என்னைப் பார்த்த பார்வையில், இப்போது அவருக்கே என் மேல் சந்தேகம் வந்திருந்தது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் படிக்கட்டுக்கு வந்து நின்றேன். இந்தத் தொழிலில் பெயர் போனால் போனதுதான். பிறகு நிதானமாக யோசித்தேன். பிளேயர் ஆரம்பத்தைப் பார்த்துத்தானே கணக்குப் போடுகிறது? இவர்கள் எடுத்த எடுப்பிலேயே கத்தினார்கள். கணக்குச் சரியாக வந்துவிட்டது. தப்பாக வர வேண்டுமென்றால் ஆரம்பத்தில் சத்தம் இருக்கக் கூடாது. சத்தமில்லாத விநாடிக்கு ஃபைலில் கொஞ்சம் இடம்தான் பிடிக்கும், மொத்த ஃபைலும் அதே மெதுவில்தான் தீரும் என்று பிளேயர் நினைத்துக்கொள்ளும். உள்ளே போய், "இன்னொரு தடவை பேசணும். ஆனா முதல்ல அரை நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது," என்றேன்.

அந்தக் குடும்பத்தை அரை நிமிடம் சும்மா இருக்க வைப்பதுதான் என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான ஒலிப்பதிவு. முதல் தடவை பத்தாவது விநாடியில் அத்தை, "ஆரம்பிச்சிருச்சா?" என்றார். இரண்டாவது தடவை கோவர்த்தனின் செல்போனில் சுப்ரபாதம் எழுந்தது. மூன்றாவது தடவை அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதைப் பார்த்துத் தம்பிக்கு, அவரைப் பார்த்து அண்ணனுக்கு. ஃபேனை நிறுத்தி, செல்போன்களைப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்து, நாலாவது தடவைதான் அரை நிமிடம் கிடைத்தது. அதன் பிறகு ஆறு நிமிடம் வழக்கம் போல் சண்டை.

ஐம்பத்தாறு நிமிடம் என்று காட்டியது.

"அம்மா, நீங்க மூணு பேரும் ஐம்பத்தாறு நிமிஷமா பேசினீங்க?" என்று அத்தையைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசியிருப்போம்," என்றார். ஆனால் சுரேந்திரன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையைப் பார்த்தார். தோளில் இருந்த முறுக்கு இறங்கியது தெரிந்தது. "அப்ப மெஷின் பொய் சொல்லுதா?" என்றார்.

"பொய்யின்னு இல்ல, ஆரம்பத்தைப் பார்த்து ஏமாந்துபோகுது."

எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. அப்போதுதான் அவர் கேட்டார். சத்தம் போடாமல், மில்லில் நூலின் குறை பார்க்கிறவரின் நிதானத்தோடு கேட்டார்.

"அப்படின்னா எங்க அப்பாவும் முதல்ல பேசாம உக்காந்திருந்திருக்கணும். அப்பத்தானே தப்பாக் காட்டும்? ஆனா நீங்க கொடுத்த சி.டி.ல எடுத்த எடுப்புலயே 'சுரேந்திரா'ங்கிறாரு. அவரு பேசாம இருந்தது எங்கண்ணே?"

கேசட் காலத்திலிருந்து வந்த பழக்கம் நமக்கு. எந்தப் பதிவு வந்தாலும் முன்னால் சத்தமில்லாமல் ஓடும் பிளாங்க்கை நறுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. செய்கிறோம் என்று தெரியாமலே கை அதைச் செய்துவிடும். திங்கட்கிழமையும் செய்திருக்கிறது. மீனாட்சி மேல் சத்தியம் செய்தபோது எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அந்த இடத்தில் நான் தப்பித்திருக்கலாம். மெஷின் அதை விழுங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பார்கள். மெஷினை நம்பக் கூடாது என்று அப்போதுதானே நிரூபித்திருந்தேன். இரண்டு மூன்று விநாடி அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்த மனிதர் என்னைச் சந்தேகமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக.

"நான்தாம்ப்பா வெட்டிட்டேன்," என்றேன். "முன்னாடி சும்மா இருந்துச்சு. வேஸ்ட்டுன்னு நினைச்சு எடுத்துட்டேன். நாற்பது செகண்டு இருக்கும். சத்தியம் பண்ணது தப்பு."

ரிக்கார்டர் ஓடாதபோது அவர்கள் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு கோவர்த்தன், "நானும் கேக்கும்போதெல்லாம் அதைத் தள்ளிவிட்டுத்தாண்டா கேட்டேன்," என்றார் தம்பியைப் பார்த்து. அன்றைக்கு அவர் தம்பியிடம் நேராகத் தமிழில் பேசியது அது ஒன்றுதான். எனக்காகத்தான் தமிழில் சொன்னாரோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

மூலம் என்னிடம் இல்லை. ரிக்கார்டரிலும் இல்லை, அதன் மேலேயேதான் சேமித்துத் தொலைத்தேனே. கோச்சடை பிரவுசிங் சென்டரின் நினைவு வந்தது. போன் போட்டேன். அந்தக் கடைக்காரரைப் பற்றி நான் நாலு பேரிடம் கேலி பேசியிருக்கிறேன், அவருடைய கம்ப்யூட்டர் ஒரு குப்பைமேடு என்று. அவர் சொன்னார்: "இருக்கும்ணே. நான் எதையும் அழிக்கிறதில்ல. அழிச்சா அப்புறம் எங்க போச்சுன்னு தேடணும்ல?" கோவர்த்தன் பென் டிரைவோடு கிளம்பிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். பெயரில்லாத நாற்பத்தேழாவது ஃபோல்டரில் கிடைத்ததாம்.

திறந்தேன். ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். சுரேந்திரன் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். எங்களுக்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. முதலில் ஒரு ஃபேன் சுற்றும் சத்தம். நாற்காலி ஒரு தடவை கிறீச்சிடுகிறது. ஒரு மனிதர் தொண்டையைச் செருமுகிறார். மூச்சை இழுத்து, பேசப்போகிறார் என்று நாம் நினைக்கும்போது, விட்டுவிடுகிறார். தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். மறுபடியும் செருமல். மறுபடியும் அந்த மூச்சு. அப்புறம்தான், "சுரேந்திரா."

அதோடு நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னார். மூன்று தடவை. ஒரு தடவையும் பேச்சுக்குள் போகவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் இப்படித்தாண்ணே," என்றார் சுரேந்திரன், ஹெட்போனைக் கழற்றாமலேயே, தேவைக்கு மேல் சத்தமாக. "வீட்டுக்குப் போன் பண்ணுவேன். அவரு எடுத்து அலோம்பாரு. எனக்கு வாயே வராது. வச்சிருவேன். எட்டு வருசத்துல எத்தனையோ தடவை. நான்தான்னு அவருக்குத் தெரியுமோ என்னமோ."

இந்த மாதிரி நேரத்தில் வேலை தெரிந்தவன் வேலையைப் பற்றித்தான் பேசுவான். "எதையும் தொடாம, நேரத்தை மட்டும் சரி பண்ணித் தரவாப்பா? முப்பத்தெட்டு அம்பத்திநாலுன்னு சரியாக் காட்டும்," என்றேன்.

"வேணாம்ணே. அது காட்டுறபடியே காட்டட்டும்."

அப்படியே ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். சரி செய்யத் தெரிந்த ஒரு ஃபைலைத் தெரிந்தே தப்பாகக் கொடுத்து அனுப்பியது அந்த ஒரு தடவைதான். உங்கள் மென்பொருளில் 'தொடக்க மௌனத்தை நீக்கு' என்று ஒரு பெட்டி இப்போது தானாகவே டிக் ஆகி வருகிறது என்று கேள்விப்பட்டேன். கடைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். உரியவரைக் கேட்டுக்கொண்டு பிறகு வெட்டுங்கள்.

அவர்கள் இறங்கிப் போகும்போது மணி இரண்டு. மாடியிலிருந்து பார்த்தேன். அத்தை ஆட்டோ பிடித்து ஏறினார். கோவர்த்தன் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். சுரேந்திரன் தன் வண்டிப் பக்கம் போனார், சாவியைக் கையில் எடுத்தார், என்ன நினைத்தாரோ, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய் அண்ணன் பின்னால் ஏறிக்கொண்டார். கோச்சடைப் பக்கம் போனார்கள். தம்பியின் வண்டி சனிக்கிழமை வரைக்கும் என் கடை வாசலிலேயே நின்றது.